மாமா ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தார்?

போன வாரம் ரேடியோப் பெட்டி வாங்கிய கதையைப் பாதியில் விட்டிருந்தேன். பெட்டி எங்கேயும் ஓடிப்போகாது. இந்த வாரம் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. தென்காசியில் சாரல் பிடித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. பட்டாசாலைக் கூடத்தில் கொடி கட்டி வேட்டியும் சேலையுமாகத் தொங்கவிட்டிருந்தேன். வீடெல்லாம் ஈரத்துணி வாசனை. அந்தத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து என் வீட்டுக்காரர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் கணக்கு வாத்தியார். இந்தத் தொடர் முழுவதும் அவரை வாத்தியார் என்றுதான் எழுதிவருகிறேன். அவருக்கும் அதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

அப்போது பெரிய அத்தான் சைக்கிளில் வந்து இறங்கினார். வாத்தியாரின் அண்ணன். பக்கத்து ஊரான குத்துக்கல்வலசையில் இருந்துகொண்டு வயலைப் பார்த்துவந்தவர். எப்போது வந்தாலும் வாசலில் நின்று ஒரு தடவை செருமுவார். நான் உள்ளே போனதும், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு படியேறுவார். அன்றைக்குச் செருமவில்லை. வேட்டியையும் இறக்கவில்லை. கக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தார். தொங்கிய சேலையை ஒரு கையால் விலக்கிக்கொண்டு தம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏலே, அப்பா எதுக்குலே ஒன் வீட்டுக்கு வந்தாஹ?"

வாத்தியார் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். "எந்த அப்பா?"

"ஒனக்கு எத்தனை அப்பாலே?"

மாமா, அதாவது என் மாமனார், இறந்து அப்போது மூன்று வருஷம் முடிந்திருந்தது.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் விஷயம் புரிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம்

என் கதை அந்த வாரம்தான் பத்திரிகையில் வந்திருந்தது. புனைபெயர் வைத்துக்கொள்ளும் புத்தி அப்போது இல்லை. சொந்தப் பெயரைக் கொடுத்து, போதாக்குறைக்கு அடியில் 'தென்காசி' என்று ஊரையும் போட்டிருந்தேன். வாத்தியார் அதைப் படித்திருக்கவில்லை. எண் இல்லாத எதையும் அவர் இஷ்டப்பட்டுப் படித்து நான் பார்த்ததில்லை.

கதை இவ்வளவுதான். சாரல் தொடங்கிய முதல் நாள், இறந்துபோன மாமனார் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசியில் இளைய மகன் வீட்டுக்கு வருகிறார். தலை துவட்டத் துண்டு கேட்கிறார். மருமகள் எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு இருக்கும் ஒரே கவலை, உலையில் போட்ட அரிசி அவருக்கும் காணுமா என்பது. அவர் சாப்பிடுகிறார், துவையலில் உப்பு கூடிப்போயிற்று என்கிறார், சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்கிறார். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். கதையில் யாரும் அலறவில்லை, காலில் விழவில்லை. அவர் எப்படி வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மூத்தார் தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பெரிய அத்தானும் நானும் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பேன். "கோமதிட்ட தண்ணி கேளு" என்பார் தம்பியிடம். நான் கதவைப் பார்த்து, "மோரா கொடுக்கட்டுமான்னு கேளுங்க" என்பேன். வாத்தியார் இரண்டு பக்கத்தையும் ஒரு எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொல்வார். அன்றைக்கும் அப்படியே நடந்தது.

"அவளைக் கேளு. அப்பாவை ஏன் இங்கன கூட்டியாந்தான்னு கேளு."

வாத்தியார் கதவைப் பார்த்துத் திரும்பினார். "அப்பாவை ஏன் இங்கன கூட்டியாந்தன்னு கேக்காஹ."

"அது கதைன்னு சொல்லுங்க."

"கதையாம், அண்ணாச்சி."

"கதையாம்லா கதை. சவரக்கடையில கேக்கான், 'என்ன அண்ணாச்சி, ஒங்கப்பா தென்காசி வரைக்கும் வந்தாஹளாமே, ஒங்க வீட்டுக்கு வரலையா'ன்னு. பால்காரன் கேக்கான். வயக்காட்டுல களை பறிக்கவ கேக்கா. கொள்ளி வச்சது யாரு? வருஷா வருஷம் எள்ளும் தண்ணியும் எறைக்கது யாரு? மூத்தவன் நான் எறைக்கது அவுஹளுக்குப் போய்ச் சேரலைன்னுதானே இதுக்கு அர்த்தம்?"

வாத்தியார் சிவப்புப் பென்சிலை எடுத்து உருட்டினார். கணக்கில் இதற்கு வழி இல்லை.

"இந்த அமாவாசைக்கு நான் குத்தாலத்துக்கு வரல. அப்பா யார் வீட்டுக்கு வாராஹளோ அவனே எறைக்கட்டும்."

காபி ஆற்றி வைத்திருந்தேன். அவர் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார். காபி குடிக்காமல் ஒருவர் படியிறங்கினால் எங்கள் குடும்பத்தில் அது பாதி உறவு அறுந்ததற்குச் சமம். மீதிப் பாதி ஆடி அமாவாசையன்று அறுந்துவிடும். அண்ணனும் தம்பியும் அருவிக்கரையில் சேர்ந்து நின்று தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்யாமல் போனால், அப்புறம் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போக்குவரத்து இராது. அமாவாசைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

வாத்தியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தாள்களை அடுக்கிக் கட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கோமு, இனிமே எழுதாண்டாம்."

மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததற்கும் மாலை அடுப்புப் பற்றவைப்பதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் எழுதுவேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் நான் வெறும் மருமகள். ஆனால் என்னால் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது என்ற பேரை வாங்கிக்கொண்டு எந்தக் கதையை எழுதுவது? சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன்.

சாமிக்குத் தலைவலி

இதை இந்த வாரம் எழுதக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு இளம் பேராசிரியர் 'மாய யதார்த்தம்' என்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கடல் தாண்டிய தேசங்களில் பெரிதாக வளர்ந்த எழுத்து முறையாம். நடக்காத ஒன்று, நடக்கிற வாழ்க்கைக்கு நடுவில் சர்வ சாதாரணமாக நடக்கும்; பாத்திரங்கள் அதற்கு வியக்கமாட்டார்கள்; எழுதுகிறவரும் விளக்கம் சொல்லமாட்டார். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பேரே இங்க வராத காலத்துல நீங்க அப்படி ஒரு கதை எழுதியிருக்கீங்கம்மா. அப்ப யாரைப் படிச்சீங்க?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கூட்டத்தில் சொல்ல அது நீளமான விஷயம்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கதையை முதலில் நான் பேய்க்கதையாகத்தான் எழுதினேன். நாய் ஊளையிட்டது, விளக்கு அணைந்தது, எங்கிருந்தோ மல்லிகை வாசனை வந்தது. போன வேகத்தில் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. எனக்கே அதில் பிடித்தம் இல்லை. எங்கள் மாமாவுக்கும் மல்லிகைக்கும் என்ன சம்பந்தம்? அவர் மேல் வேப்பெண்ணெயும் மூக்குப்பொடியும்தான் மணக்கும்.

மாமா இறந்து வெகுநாள் வரைக்கும் அரிசி களையும்போது என் கை தானாக அவருக்கும் ஒரு பிடி சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. தினமும் சோறு மிஞ்சும். ஒரு நாள் மிஞ்சிய சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கதையின் வழி தெரிந்தது. பேய்க்கதையில் செத்தவர் வந்தால் விளக்கு அணையும். இதில் செத்தவர் வந்தால் உலையில் ஒரு பிடி அரிசி கூடும். எதிர்வீட்டுக்காரியிடம் 'எங்க மாமா வந்துட்டுப் போனாஹ' என்று சொல்கிற மாதிரி அப்படியே எழுதி அனுப்பினேன்.

புராணம் அப்படி அல்ல. புராணத்தில் சாமி வந்தால் பூமாரி பொழியும், எல்லோரும் மெய்சிலிர்த்து நிற்பார்கள். அதற்கென்று ஒரு குரல் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் சாமியைப் பற்றிப் பேசுகிற குரலே வேறு. குற்றாலத்தில் நின்ற கோலத்தில் இருந்த பெருமாளை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது தலபுராணம். அழுத்தின அழுத்தில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டது. அதற்காக இன்றைக்கும் மூலிகைத் தைலம் காய்ச்சித் தலையில் வைக்கிறார்கள். சளி பிடிக்காமல் இருக்கச் சுக்குக் கஷாயமும் உண்டு. இதை எங்கள் ஊரில் யாரும் அதிசயமாகச் சொல்லமாட்டார்கள். வாழைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டே, "சாமிக்குத் தைலம் காய்ச்சுதாங்க, அதான் வாசனை" என்பார்கள். அடுத்த வார்த்தை வாழைக்காய்தான்.

அந்தப் பேராசிரியர் சொன்னதில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. மற்றப் பாதியைப் பெரிய அத்தானிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்கு அவர் ஒரு பாடமும் எடுக்கவில்லை, கோபித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நாய் கட்டிக் கிடந்த முற்றம்

அமாவாசைக்கு முந்தின நாள் நானும் வாத்தியாரும் குத்துக்கல்வலசைக்குப் போனோம். அப்போது மொட்டையாக நின்ற தென்காசிக் கோயில் கோபுரத்தைத் தாண்டும்போது அடித்த காற்றில் குடை மேலே திரும்பிக்கொண்டது. வாத்தியார் அதை நிமிர்த்தப் பார்த்தார், ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. மீதித் தூரம் நனைந்துகொண்டே நடந்தோம். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் நனைந்து போவதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய அத்தான் முற்றத்துத் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாய். எங்களைப் பார்த்ததும் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் வழக்கம்போல உள்ளே போய்விட்டேன். அவர் மனைவி வடிவு அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரமாப் பேச்சே இல்ல. சோத்தையும் பாதியில வச்சிட்டு எந்திச்சுருதாஹ" என்று கிசுகிசுத்தாள்.

வெளியே வாத்தியார் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். "அண்ணாச்சி, அது கற்பனை. இல்லாத ஒண்ணுக்காக இருக்கிற நாம பிரிஞ்சா எப்படி?" என்றார். அண்ணன் கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கோமு இனி எழுதமாட்டா. சொல்லிட்டா" என்றார். நாய் மட்டும் காதை ஆட்டியது.

எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். வடிவு அக்கா புடைப்பதை நிறுத்தினாள்.

"அத்தான், நான் இனி எழுதல. நீங்க அமாவாசைக்கு வாங்க. வெறும் கதைதானே அத்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டு, ஆனால் என்னிடம்தான் சொன்னார்.

"கதைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நான் என்ன பச்சப்புள்ளையா? கதையிலயாவது இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம்லா."

வாத்தியார் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

மாமா எங்கள் வீட்டில்தான் இறந்தார். வைத்தியத்துக்காகத் தென்காசியில் வந்து தங்கியிருந்தார். அன்று காலையில் பெரிய அத்தான் நெல் மூட்டைகளோடு புளியறைக்குப் போயிருந்தார். அங்கே கேரள எல்லையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஆள் அனுப்பிச் சேதி எட்டி அவர் திரும்பி வந்தபோது, மாமாவைக் குளிப்பாட்டி நெற்றி நிறையத் திருநீறு இட்டுப் படுக்கவைத்திருந்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் காரியங்களைச் செய்தார். சடங்கில் ஒரு குறை வைக்கவில்லை. அவருக்கு மனத்தில் குறை இருந்திருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

"மூணு வருஷமாச்சு. ஒரு கனவுலகூட வரல" என்றார். "நீ எழுதினதைப் படிச்சேன். துண்டை வாங்கித் தலையைத் துவட்டிட்டு வலது காதை மட்டும் ரெண்டு தடவை தொடைக்காஹன்னு எழுதியிருக்கியே. அது அப்பாதான், வேற ஆளு கிடையாது. அந்த எடம் வார வரைக்கும் எனக்குக் கோவமே வரல."

இதுதான் அந்த மற்றப் பாதி. செத்தவர் எழுந்து வந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. காதை இரண்டு தடவை துடைத்ததுதான் சுட்டது. நடக்காததை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கிறவர் சரி என்று விட்டுவிடுவார். பக்கத்தில் இருக்கும் துண்டும் காதும் உப்பும் சரியாக இருக்க வேண்டும். அவை சரியாக இருந்துவிட்டால், பொய் என்று தெரிந்தே ஒரு மனிதர் ஒரு வாரம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார். பிற்பாடு எத்தனையோ கட்டுரைகள் படித்தேன்; இதைவிடத் தெளிவாக எனக்கு அது விளங்கியதில்லை.

அப்போது இதையெல்லாம் எங்கே யோசித்தேன்? தலையிலிருந்து நிறைகுடத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அவர் என்மேல் கோபமாக இல்லை. தகப்பனார்மேல் கோபமாக இருந்தார். அதையும் தீர்க்க வழி இருந்தது, அந்த வழி என் கையில் இருந்தது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வாத்தியாருக்கு எதுவும் விடையோடு முடிய வேண்டும். "அப்போ இவ எழுதலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

"எழுதாம? அவுஹ இங்கன வந்ததை வேற யாருலே எழுதுவா?"

"அப்பா இங்கன வரலையே அண்ணாச்சி."

"நீ சும்மா இரி" என்றார் பெரிய அத்தான். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு, இன்னும் நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாரப்போ இதைக் கட்டிப் போட்டிருக்கதா எழுதணும். அவுஹளுக்கு நாய்னா ஆகாது."

உள்ளேயிருந்து வடிவு அக்காவின் குரல் வந்தது. "உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும் வச்சேன்னு எழுது. உப்புக் கூடிப்போச்சுன்னு எழுதிறாத, ஆமா."

அன்றைக்கு அந்த வீட்டில் காபி குடித்தோம். சீனி அதிகம். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அருவிக்கரை

மறுநாள் குற்றாலத்தில் கூட்டமான கூட்டம். பேரருவியில் தண்ணீர் பாலாக விழுந்தது. ஈர வேட்டியோடு அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் சொல்லச் சொல்லப் பெரிய அத்தான் உரக்கத் திருப்பிச் சொன்னார். வாத்தியார் முணுமுணுத்தார். எள்ளும் தண்ணீரும் விரல் வழியே வழிந்து கல்லில் ஓடின. மேலேயிருந்த குரங்கு ஒன்று வாழைப்பழச் சீப்பையே தூக்கிக்கொண்டு போயிற்று. வடிவு அக்கா அதைத் திட்டவில்லை, கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது.

இரண்டாவது கதையை எழுத எனக்கு ஆவணி முழுவதும் பிடித்தது. பத்திரிகையில் வந்தபோது தை பிறந்துவிட்டது. அதில் மாமா காலையில் குத்துக்கல்வலசைக்கு வருகிறார். நாய் கட்டிக் கிடக்கிறது. மூத்த மகனோடு வயலுக்குப் போய் வரப்பில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்க்கிறார். எள் வறுக்கிற வாசனைக்குத் திரும்பி வருகிறார். உளுந்தஞ்சோறு சாப்பிடுகிறார். உப்பு சரியாக இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டுப் போகிறார்.

பத்திரிகை வந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் பெரிய அத்தான் வந்தார். வாசலில் நின்று செருமினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். கதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்காததைப் பற்றியும் மாடு கன்று போட்டதைப் பற்றியும் தம்பியிடம் பேசினார். காபி குடித்தார். பிடிக்கவில்லையோ என்று கதவுக்குப் பின்னால் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளில் ஏறப் போனவர் இறங்கி, வாசற்படி வரைக்கும் திரும்பி வந்தார். வாத்தியார் என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றார். அவர் வாத்தியாரைத் தாண்டிக் கதவைப் பார்த்துப் பேசினார்.

"கோமதி, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அன்னைக்கே அனுப்பி வச்சிட்டியே. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்."